அம்மாவுக்கு வந்த ரத்தக்குழாய் அழற்சியும் ஹெபடைடிஸ் சி மாத்திரையும்

முழங்காலுக்குக் கீழே செந்நிறப் புள்ளிகள், விரலால் அழுத்தினாலும் மறையாதவை, திரும்பத் திரும்ப வந்தால் ஹெபடைடிஸ் சி டெஸ்ட்டையும் எடுத்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். என் அம்மாவுக்கு அதை முதலில் உடம்புச் சூடு என்றார்கள், அப்புறம் அலர்ஜி என்றார்கள். மூட்டுவலி வேறு இருந்தது, முடக்குவாதத்துக்குப் பார்க்கும் ஆர்.ஏ. ஃபேக்டர் என்ற ரத்த டெஸ்ட்டும் பாசிட்டிவ், அதனால் முடக்குவாதம் என்று ஸ்டீராய்டு கொடுத்தார்கள். சாப்பிடும்வரை புள்ளிகள் அடங்கும், அளவைக் குறைத்தால் மறுபடி கிளம்பும். பாதம் இரண்டும் எரிய ஆரம்பித்த பிறகுதான் ஒரு வாதநோய் மருத்துவர், "அம்மா, எப்போதாவது ரத்தம் ஏற்றியிருக்கிறார்களா?" என்று கேட்டார். 1986-இல் என் தம்பி பிறந்தபோது ஏற்றினார்கள். அதில் வந்ததுதான் ஹெபடைடிஸ் சி, கல்லீரலைத் தாக்கும் வைரஸ். அந்த வைரஸைக் கண்டுபிடித்ததே 1989-இல்தான், அப்போது யாராலும் சோதித்திருக்க முடியாது.

வைரஸ் இருப்பது கல்லீரலில் என்றால் காலில் ஏன் புள்ளிகள் வருகின்றன என்று எனக்குப் புரியவே இல்லை. அவர் பொறுமையாக விளக்கினார். வருடக்கணக்கில் வைரஸோடு மல்லுக்கட்டும் பி செல்கள் (உடம்பின் நோய் எதிர்ப்புச் செல்கள்) கிரையோகுளோபுலின் என்ற புரதத்தை உண்டாக்குகின்றன, மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறைவது மாதிரி குளிரில் அது திரண்டுவிடும், சிறிய ரத்தக்குழாய்களில் படிந்து அழற்சியைக் கிளப்பும். தோல், மூட்டு, நரம்பு, சிறுநீரகம் எல்லாம் அதில் மாட்டும்.

கிரையோகுளோபுலின் டெஸ்ட்டில் ஒரு விஷயம் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். ரத்தம் எடுத்ததிலிருந்து சீரம் பிரிக்கும்வரை 37 டிகிரி சூட்டிலேயே வைத்திருக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் குளிரில் வைத்துச் சில நாட்கள் பார்ப்பார்கள். முதலில் கொடுத்த லேபில் ஐஸ் பெட்டியில் போட்டு அனுப்பினார்கள், நெகட்டிவ் என்று வந்தது. இந்த நோயில் குறையும் சி4 என்ற ரத்தப் புரதம் மிகவும் குறைவாக இருந்ததால் மருத்துவர் அந்த ரிப்போர்ட்டை நம்பவில்லை, சரியாக எடுக்கும் இடத்துக்கு அனுப்பினார், பாசிட்டிவ்.

சிகிச்சை என்று பார்த்தால் சோஃபோஸ்புவிரும் டக்ளடாஸ்விரும், தினமும் மாத்திரை, 12 வாரம், அவ்வளவுதான். முன்பெல்லாம் இன்டர்ஃபெரான் ஊசியும் ரிபாவிரினும் மாதக்கணக்கில், அதில் காய்ச்சல், மனச்சோர்வு, சிலருக்கு இந்த அழற்சியே கூடிவிடும். இப்போது நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டவர்களுக்கு வைரஸ் போய்விடுகிறது. 2018-இல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் இந்த மருந்துகள் அரசு மருத்துவமனைகளில் இலவசம், விலையை நினைத்துத் தள்ளிப்போடாதீர்கள். தொடங்குமுன் ஹெபடைடிஸ் பி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், சி அடங்கும்போது பி தலைதூக்கலாம். இதயத்துக்கு அமியோடரோன் சாப்பிடுபவர்கள் அதை டாக்டரிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள், சோஃபோஸ்புவிரோடு சேர்ந்தால் நாடித்துடிப்பு ஆபத்தான அளவுக்குக் குறையலாம்.

சிறுநீரில் நுரை, கை கால் விழுந்துபோவது, ஆறாத புண் என்று இருந்தால் வைரஸ் மாத்திரை மட்டும் போதாது, அந்த பி செல்களைக் குறைக்கும் ரிட்டுக்ஸிமாப் ஊசியும் தேவைப்படலாம். அம்மாவுக்கு அந்த அளவுக்குப் போகவில்லை. மாத்திரை முடியும் முன்பே புள்ளிகள் நின்றன, ஸ்டீராய்டையும் மெதுவாக நிறுத்தினார்கள். முடித்து 12 வாரம் கழித்து எடுத்த வைரல் லோடில் வைரஸ் இல்லை, அந்த ரிப்போர்ட்டைப் பார்த்து வீட்டில் எல்லோரும் அழுதுவிட்டோம்.

ஆனால் கிரையோகுளோபுலின் இன்னும் கொஞ்சம் இருக்கிறது, சி4 முழுதாக ஏறவில்லை. வைரஸ் போனாலும் அந்த பி செல்கள் சிலருக்கு நெடுநாள் தங்கிவிடுமாம், அதனால் செக்கப்பை விடக்கூடாது என்கிறார் மருத்துவர். பாத எரிச்சல் குறைந்திருக்கிறது, ஆனால் போகவில்லை, ராத்திரியில் இன்னும் நரம்பு வலிக்கான பிரிகாபலின் மாத்திரை வேண்டியிருக்கிறது. நரம்பு தேற நாளாகும் என்று தெரியும், இருந்தாலும் உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த எரிச்சல் முழுதாக விட்டிருந்தால், எத்தனை மாதம் ஆனது, வேறு என்ன கொடுத்தார்கள் என்று சொல்லுங்கள்.