பக்கத்து ஊர்க் கூத்தைக் கேட்காதவனுக்கு மாலி நாட்டு இசை எதற்கு?

மாலிப்பித்தன் (முத்தியால்பேட்டை):
ஜூன் 21 அன்று புதுச்சேரியில் இருந்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். பிரான்சில் 1982ல் தொடங்கிய ஃபெத் த லா மியூசிக் என்கிற இசைத் திருநாள், நம்ம ஊரிலும் நடக்கிறது. அன்று இரவு வீடு திரும்பி அலைபேசியில் எதையோ தேட, பாட்டுச் செயலி தானாகவே கோரா என்ற வாத்தியத்தைப் போட்டது. மேற்கு ஆப்பிரிக்காவில், மாலி போன்ற நாடுகளில் வாசிப்பது. பாதிச் சுரைக்குடுக்கை, அதன்மேல் மாட்டுத்தோல், 21 தந்தி. இரண்டு கட்டைவிரலும் இரண்டு ஆள்காட்டி விரலும் மட்டும்தான் தந்தியைத் தொடுகின்றன, கேட்டால் மூன்று பேர் வாசிப்பதுபோல் இருக்கிறது. பத்து நாளாக எனக்குத் தூக்கம் போச்சு.

என் கட்சி இதுதான்: உலக இசையைக் கேட்க முன்னறிவும் வேண்டாம், குருவும் வேண்டாம். செயலி தருவதைக் கேட்டுக்கொண்டே போனால் போதும். நேற்று ஒரு நண்பர், "பக்கத்து ஊர்க் கூத்தை ஒரு ராத்திரி உட்கார்ந்து கேட்டதில்லை, அதற்குள் மாலிக்குப் போயிட்டியா" என்றார். இது என்ன நியாயம்?

கெடிலக்கரை (கடலூர்):
நான் அந்த நண்பர் பக்கம். முதலில், 'உலக இசை' என்பது இசையின் பெயரே இல்லை, கடை அலமாரியின் பெயர். 1987ல் லண்டனில் ஒரு பப்பில் சில சின்ன இசைத்தட்டு நிறுவனத்தார் கூடி, எந்த அடுக்கில் வைப்பது என்று கடைக்காரர்கள் முழித்த தட்டுகளுக்கெல்லாம் சேர்த்து வைத்த பெயர் அது. கோராவும் கவ்வாலியும் ஒரே அடுக்கு! உங்கள் செயலியும் அதையேதான் செய்கிறது, 'மாலை நேர அமைதி' என்று தலைப்பை மட்டும் மாற்றிக்கொண்டது. கோராக்காரர்கள் பாடுவதில் முக்கியமான ஒன்று, மாலிப் பேரரசை நிறுவிய சுஞ்சாத்தாவின் கதை. போர்ப்பாட்டைப் போட்டுக்கொண்டு காபி குடிப்பதற்குப் பெயர் கேட்பதா?

மாலிப்பித்தன்:
அண்ணா, அந்தப் பெயர் பழசு. கிராமி விருதுக்காரர்களே 2020ல் அதை எடுத்துவிட்டு 'குளோபல்' என்று மாற்றிவிட்டார்கள்.

அப்புறம், பொருள் தெரியாமல் கேட்பது குற்றம் என்றால், தெலுங்கு ஒரு எழுத்து தெரியாமல் தியாகராஜர் கீர்த்தனைக்குத் தலையாட்டும் நம்ம ஊர்க்காரர்களை என்ன செய்யலாம்?

கெடிலக்கரை:
பலகையில் எழுத்தை மாற்றினால் அலமாரி மாறிவிடுமா? தியாகராஜர் விஷயம், சரி, அது எனக்கும் உறைக்கிறது. விடுங்கள்.

பழையதட்டு (லாஸ்பேட்டை):
இரண்டு பேரும் நடுவில் இருக்கிற ஒன்றை விட்டுவிட்டீர்கள். தட்டின் உறைக்குள் ஒரு குறிப்பேடு இருக்குமே, அதைப் படித்ததுண்டா? 1970ல் மாலியில் கோரா வாசிப்பைப் பதிவு செய்து ஒரு தட்டு வந்தது. வாசித்தவர்களில் சிடிக்கி ஜாபாத்தே ஒருவர், ஜெலிமாதி சிசோக்கோ இன்னொருவர். 1999ல் அவர்களுடைய பிள்ளைகள் தூமானியும் பல்லாக்கேயும் இரண்டு கோராவோடு எதிரெதிரே உட்கார்ந்து, அப்பாக்களுக்குப் பதில் சொல்வதுபோல ஒரு தட்டு வெளியிட்டார்கள். இதைத் தெரிந்துகொண்டு முதலில் அப்பாக்களைக் கேட்டு, பிறகு பிள்ளைகளைக் கேட்டேன். பிள்ளைகள் எங்கே அப்படியே வாங்கியிருக்கிறார்கள், எங்கே மீறுகிறார்கள் என்று காதுக்கு ஒரு பிடி கிடைத்தது. தூமானி 2024ல் இறந்தபோது தெரிந்தவர் போனதுபோல் இருந்தது. இந்தக் கதையை என் செயலி ஒருநாளும் சொன்னதில்லை. பட்டியலை விட்டுவிட்டு ஆளைப் பின்தொடருங்கள்.

எதையும் பரிந்துரைக்காத ஒன்று வேண்டுமானால் ரேடியோ கார்டன் என்ற இணையதளம் இருக்கிறது. பூகோள உருண்டையைச் சுற்றி, ஒரு பச்சைப் புள்ளியில் நிறுத்தினால் அந்த ஊர் வானொலி அப்படியே கேட்கும். நடுவில் விளம்பரம், செய்தி எல்லாம் வரும். வரட்டுமே.

பெட்டிக்காரர் (பண்ருட்டி பக்கம்):
நான் கூத்துக்குப் பெட்டி வாசிப்பவன், ஆர்மோனியத்தைத்தான் பெட்டி என்போம். மகன் காட்டினான், படித்தேன். கெடிலக்கரை ஐயா, கூத்து நம்முடையது, கோரா அயலூர் என்று கோடு போடுகிறீர்கள். நான் மடியருகே வைத்து வாசிக்கிற இந்தப் பெட்டி எங்கே பிறந்தது? 1840களில் பாரிசில் தெபேன் என்பவர் செய்தது. அது காலால் மிதிக்கிற பெட்டி. கல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ் அதைத் தரையில் உட்கார்ந்து கையால் துருத்தி போடும்படி மாற்றினார். 1940ல் அகில இந்திய வானொலி இதை அந்நிய வாத்தியம் என்று தள்ளி வைத்தது, 1971 வரைக்கும் உள்ளே விடவில்லை. அந்தக் காலத்திலும் கூத்துமேடையில் முகவீணை என்கிற ஊதுகுழலுக்கும் மத்தளத்துக்கும் பக்கத்தில் இது பாடிக்கொண்டுதான் இருந்தது.

பெட்டிக்குள் அதிர்ந்து ஒலி தருகிற பித்தளை நாக்குதான் ரீடு. கடற்காற்றில் அதற்குக் களிம்பு ஏறி சுருதி நழுவும். பிளேடால் நுனியைச் சுரண்டினால் சுருதி ஏறும், அடியைச் சுரண்டினால் இறங்கும். ஒரு இழுப்பு கூடிவிட்டால் அந்த ரீடு போச்சு. இப்படிச் சுரண்டிச் சுரண்டித்தான் பாரிஸ்காரன் பெட்டி எங்கள் ஐந்து கட்டைச் சுருதிக்கு வந்து நிற்கிறது.

மாலி தம்பி, உங்களுக்கும் ஒன்று. நீங்கள் சொன்ன அந்தக் கோராவைக் கேட்டேன், நன்றாக இருக்கிறது. ஆனால் நான்கு நிமிடத்தில் முடிந்துவிட்டது. எங்களுக்கு நான்கு நிமிடம், திரைக்குப் பின்னால் நிற்கிற துரியோதனன் வெளியே வருவதற்கே போதாது.

கெடிலக்கரை:
ஐயா, கோட்டை அழித்துவிட்டேன். ஆனாலும் நாலு நிமிடத் துணுக்கைப் போட்டுப் பழக்குகிற செயலியை நம்பமாட்டேன்.

மாலிப்பித்தன்:
நானும் விடமாட்டேன். அந்தச் செயலி தப்பித் தவறிப் போட்ட துணுக்கால்தான் இந்தப் பேச்சே வந்தது, பெட்டி பாரிசில் பிறந்ததும் எனக்குத் தெரிந்தது. சரி ஐயா, ஆடியில் திரௌபதி அம்மன் கோயில் கூத்துக்கு வருகிறேன். முத்தியால்பேட்டைக்குத் திரும்பக் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு?

பெட்டிக்காரர்:
கடைசிப் பேருந்து எதற்குத் தம்பி? கூத்து முடியும்போது முதல் பேருந்து வந்துவிடும்.