19 வயதுக் குதிரைக்கு வயிற்றில் அறுவை சிகிச்சை: செய்யலாமா, வேண்டாமா?

லாயக்காரி:
என் பெண்குதிரைக்குப் போன வாரம் கோலிக், அதாவது கடும் வயிற்றுவலி. தரையில் படுத்துப் புரண்டது. மூக்கு வழியாகக் குழாய் விட்டு, வலிக்கு ஊசி போட்டபின் தணிந்தது. மறுபடி வந்தால் அறுவை தேவைப்படலாம், அப்போது யோசிக்க நேரம் இருக்காது, இப்போதே முடிவெடுத்து வையுங்கள் என்கிறார் டாக்டர். காப்பீடு இல்லை. சேமிப்பில் பாதிக்கு மேல் போய்விடும். என்ன செய்வது?

கடிவாளம்:
வேண்டாம். இந்த வயதில் வயிற்றைக் கிழிப்பது குதிரைக்காக அல்ல, நம் மன ஆறுதலுக்காக.

வெண்புரவி:
வயதை மட்டும் வைத்து எந்த நல்ல டாக்டரும் மறுக்க மாட்டார். குடலில் எந்தப் பகுதி, ரத்த ஓட்டம் நின்று எவ்வளவு நேரம், இதயம் தாங்குமா, இவைதான் கேள்வி. பெருங்குடல் இடம் மாறியிருந்தால் பல சமயம் குடலை வெட்டாமலே சரியான இடத்தில் வைத்து வயிற்றைத் தைத்துவிடலாம். அப்படிப் பிழைத்து மறுபடி சவாரிக்கு வந்த குதிரைகள் நிறைய. சிறுகுடல் முறுக்கி, செத்த பகுதியை வெட்டி ஒட்ட வேண்டிவந்தால் கதை வேறு.

கடிவாளம்:
அறுவை அறையோடு செலவும் ஆபத்தும் முடிவதாகப் பேசுகிறீர்கள். அரை டன் எடையுள்ள பிராணி மயக்கம் தெளிந்து தள்ளாடி எழும்போதே காலை உடைத்துக்கொள்ளலாம். 1975-இல் ரஃபியன் என்ற பந்தயக் குதிரைக்குக் கால் அறுவை முடிந்தபின் அதுதான் நடந்தது. தப்பித்தாலும் தையல் பிரியலாம், குளம்பு அழற்சி வரலாம். பிறகு ஒரு மாதம் லாயத்துக்குள்ளேயே அடைப்பு, அப்புறமும் சில மாதம் சின்ன வேலிக்குள். பில்லில் இதெல்லாம் வராது.

வெண்புரவி:
ரஃபியன் கால் கேஸ், அதை இங்கே இழுக்காதீர்கள். மயக்க ஆபத்து இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பலர் யோசிக்காத வழி ஒன்று உண்டு. 'திறந்து பாருங்கள், நீளமாகக் குடல் செத்திருந்தால் அவளை எழுப்ப வேண்டாம்' என்று முன்பே எழுதிக் கொடுத்துவிடலாம். வலி தெரியாமலே போய்விடும்.

கடிவாளம்:
திறக்கிற செலவு அப்போதும் உண்டே! சரி, அது நியாயமான வழிதான். எனக்குக் கோபம் வருவது இரண்டுங்கெட்டான்களிடம். அறுவையும் வேண்டாம், கருணைக்கொலைக்கும் மனமில்லை என்று ஊசிமேல் ஊசி போட்டு ராத்திரி முழுக்க இழுத்தடிப்பார்கள். விடிந்தபின் மருத்துவமனைக்கு ஓடுவார்கள். காசும் போகும், குதிரையும் போகும். பணமில்லை என்று சீக்கிரமே முடித்துவைப்பவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

லாயக்காரி:
அவளுக்கு அடைபட்டுக் கிடப்பது ஆகவே ஆகாது, கதவை உதைத்துக்கொண்டே இருப்பாள். அதையும் பார்க்க வேண்டும். சீக்கிரம் கண்டுபிடித்து, பெருங்குடல் சும்மா இடம் மாறியிருந்தால் மட்டும் செய்யச் சொல்லப்போகிறேன். வெட்டி ஒட்ட வேண்டுமென்றால் எழுப்ப வேண்டாம். இதை எழுதி டாக்டரிடமும் இரவில் பார்த்துக்கொள்பவரிடமும் கொடுக்கிறேன்.

வெண்புரவி:
இதயத்துடிப்பு எண்ணவும் அவருக்குக் கற்றுக்கொடுங்கள். சும்மா நிற்கும்போது நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்கும். வலி ஊசிக்குப் பிறகும் 60-க்கு மேலேயே நின்றால் காத்திருக்க வேண்டாம்.

கடிவாளம்:
மருத்துவமனைக்குக் கொண்டுபோக டிரெய்லரில் ஏறுவாளா? பழக்கம் விட்டுப்போயிருந்தால் நாளையிலிருந்தே ஏற்றி இறக்கிப் பழக்குங்கள்.