வைரஸ் கட்டுக்குள் இருந்தும் சிந்தனை ஏன் மந்தமாகிறது?

கேள்வி (அல்சூர், பெங்களூரு):
எங்களுடன் வசிக்கும் சித்தப்பாவுக்கு வயது 64. எச்.ஐ.வி. வைரஸின் பெருக்கத்தைத் தடுக்கும் ஏ.ஆர்.டி. மாத்திரைகளைப் பல ஆண்டுகளாகத் தவறாமல் எடுத்துவருகிறார். இரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவில்தான் இருக்கிறது. ஆயினும் அண்மைக்காலமாக மளிகைக் கணக்கைச் சரிபார்க்கத் திணறுகிறார். இருவர் சேர்ந்து பேசினால் பின்தொடர இயலவில்லை என்கிறார். பழைய செய்திகள் அனைத்தும் நினைவில் உள்ளன. இது அல்சைமர் நோயின் தொடக்கமா?

பதில் 1:
அவசரப்பட்டு அந்த முடிவுக்கு வர வேண்டாம். தொற்று ஏற்பட்ட சில வாரங்களிலேயே எச்.ஐ.வி. மூளைக்குள் நுழைந்துவிடுகிறது. நரம்பணுக்களைத் தாக்காமல், அவற்றின் அருகிலுள்ள மைக்ரோகிளியா போன்ற காவல் அணுக்களில் தங்கி, அங்கிருந்து எழும் அழற்சியால் நரம்பணுக்களுக்குத் தீங்கு செய்கிறது. மருந்து வைரஸின் பெருக்கத்தைத் தடுத்த பின்னரும் இவ்வழற்சி சிலரிடம் முழுமையாக அடங்குவதில்லை; மருந்து தொடங்குவதற்கு முன் சி.டி.4 என்னும் நோய் எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கை மிகவும் குறைந்திருந்தவர்களுக்கு இந்த வாய்ப்பு கூடுதல். மூளையின் ஆழ்பகுதிகளும், மூளைப் பகுதிகளை இணைக்கும் நரம்பிழைகளாலான வெண்பொருளும் அதிகம் பாதிக்கப்படுவதால், கவனமும் சிந்தனை வேகமும் குறைவதே இதில் பெரும்பாலும் முன்னால் தெரியும். ஆனால் பழைய செய்திகள் நினைவிருப்பதை வைத்து எதையும் தீர்மானிக்க இயலாது, ஏனெனில் அல்சைமரிலும் அவை நெடுநாள் நிற்கும். அல்சைமரில் பெரும்பாலும் முதலில் மங்குவது புதிய செய்திகளின் நினைவே; காலையில் சொன்னதை மாலையில் நினைவுகூர்கிறாரா?

பதில் 2:
மேலே சொல்லப்பட்டது சரியே. எனினும் 64 வயதில் எல்லாவற்றையும் எச்.ஐ.வி.யின் கணக்கில் எழுதிவிடுவதை நான் ஏற்கமாட்டேன். இரத்த அழுத்தம், சர்க்கரை, புகைப்பழக்கம் ஆகியவை மூளையின் நுண்குழாய்களைக் கெடுத்து இதே மந்தத்தை உண்டாக்கும். பி12 குறைபாடு, தைராய்டு, மனச்சோர்வு, சிபிலிஸ் ஆகியவற்றை முதலில் பரிசோதியுங்கள். இவை சிகிச்சைக்கு உட்படுபவை. அவர் இன்னும் எஃபாவிரென்ஸ் என்ற எச்.ஐ.வி. மருந்தை எடுக்கிறாரா என்பதையும் கேளுங்கள். தலைசுற்றல், கெட்ட கனவு, கவனக் குறைவு ஆகியவற்றை அம்மருந்தே தரக்கூடும்; மாற்றாக டோலுடெக்ராவிர் இருக்கிறது. மருத்துவரைக் கேளாமல் எதையும் நிறுத்தக் கூடாது.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. காலையில் சொன்னதை மாலையில் பிழையின்றிச் சொல்கிறார், வேகம்தான் இல்லை. இங்குள்ள மனநல, நரம்பியல் மருத்துவமனையான நிம்ஹான்ஸில் காட்டலாம் என எண்ணுகிறோம், ஆனால் அங்கே எச்.ஐ.வி. பற்றிச் சொல்ல அவர் தயங்குகிறார்.

பதில் 1:
சொல்லாவிட்டால் மருத்துவர் வேறு திசையில் தேடுவார். அவரது நிலையை ஒப்புதலின்றி வெளியிடுவதை 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம் தடை செய்கிறது என்பதை அவரிடம் எடுத்துச் சொல்லுங்கள். தேதி, கிழமை கேட்கும் எளிய சோதனையில் இத்தகைய மந்தம் தப்பிவிடக்கூடும் என்பதால், வேகத்தையும் கவனத்தையும் நேரம் வைத்து அளக்கும் சோதனை வேண்டுமெனக் கேளுங்கள். மருந்துச் சீட்டுகளையும் பழைய சி.டி.4 அறிக்கைகளையும் உடன் எடுத்துச் செல்லுங்கள்.