பரணில் குட்டி ஈன்ற தெருப்பூனை: மகள் பிரசவத்திற்கு வரும் வேளையில் என்ன செய்வது?

இராயபுரத்து வாசகி கேட்கிறார்:

காசிமேடு மீன்பிடித் துறைமுகம் அருகில் இருப்பதால் எங்கள் தெருவில் பூனைகளுக்குக் குறைவில்லை. இந்த வாரம் ஒரு தெருப்பூனை எங்கள் வீட்டுப் பரணில் ஏறி நான்கு குட்டிகளை ஈன்றிருக்கிறது. அவை இன்னும் கண் திறக்கவில்லை. என் மகள் தலைப்பிரசவத்திற்காக அடுத்த மாதம் இங்கே வருகிறாள். கர்ப்பிணி இருக்கும் வீட்டில் பூனை ஆகாது, குட்டிகளைச் சாக்கில் போட்டு மீன் சந்தைப் பக்கம் விட்டுவிடுங்கள் என்று அக்கம்பக்கத்தார் வற்புறுத்துகிறார்கள். அதற்கு என் மனம் ஒப்பவில்லை. மகளின் நலத்தையும் விட்டுக்கொடுக்க முடியாது. வீட்டில் ஒரு நாயும் இருக்கிறது. வழி சொல்லுங்கள்.

வண்ணாரப்பேட்டை வாசகர்:

அம்மா, கண் திறக்காத குட்டிகளால் தம் உடற்சூட்டைத் தாமே காத்துக்கொள்ள முடியாது. தாயைப் பிரித்தால் அவை பிழைப்பது அரிது. கர்ப்பிணிகளைப் பற்றிய அச்சத்திற்குக் காரணம் டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி. அது பூனையின் முடியிலோ மூச்சிலோ இல்லை; முதன்முறை தொற்றுக்குள்ளான பூனையின் மலத்தில் பெரும்பாலும் சில வாரங்கள் மட்டுமே வெளிப்படும், அந்த மலமும் வெளியேறி ஒரு நாளாவது கழிந்த பிறகே தொற்றும் நிலையை அடையும். ஆகவே உங்கள் மகளைத் தவிர வேறொருவர் கையுறை அணிந்து நாள்தோறும் அதை அகற்றினால் ஆபத்து பெருமளவு நீங்கிவிடும். சரியாக வேகாத இறைச்சி, கழுவாத கீரை, தோட்டத்து மண் ஆகியவற்றாலும் இதே ஒட்டுண்ணி பரவுகிறது என்பதால், பூனையை விரட்டிவிட்டு இவற்றைக் கவனிக்காமல் இருப்பதில் பயனில்லை. பூனை இருப்பதை மகப்பேறு மருத்துவரிடம் கட்டாயம் சொல்லிவிடுங்கள்.

திருவொற்றியூர் வாசகி:

நாய் இருக்கிறது என்றீர்கள், அதனால் ஒரு எச்சரிக்கை. நாய்களுக்கான உண்ணி மருந்துகள் சிலவற்றில் உள்ள பெர்மெத்ரின் பூனைக்குக் கடும் நஞ்சு. அதைப் பூசிய நாயைப் பூனையின் அருகில் விடாதீர்கள். காய்ச்சல் என்று நினைத்துப் பாராசிட்டமால் கொடுப்பதும் பூனையின் உயிரைப் பறித்துவிடும். பசும்பால் பல பூனைகளுக்குச் செரிப்பதில்லை. தாய்ப்பூனைக்கு உப்பில்லாமல் வேகவைத்து முள் நீக்கிய மீனும் தண்ணீரும் வையுங்கள். குட்டிகளை அடிக்கடி தொட்டால் தாயே அவற்றை வேறிடத்திற்குத் தூக்கிச் சென்றுவிடும்.

தண்டையார்பேட்டை வாசகர்:

மேலே சொன்னவற்றை ஏற்கிறேன். ஆனால் முக்கியமான வேலை இனிமேல்தான் இருக்கிறது. பாலூட்டும் காலத்திலேயே பூனை மறுபடி சினையாகலாம். சினைக்காலம் ஏறத்தாழ 9 வாரம்தான். பெண்குட்டிகளும் நான்கைந்து மாதத்திலேயே சினையாகக்கூடும். அதனால் குட்டிகள் பால் மறந்தவுடன் தாயைக் கருத்தடைக்கு அழைத்துச் செல்லுங்கள். நமக்கு அருகில் வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. பூனைகளை வேறிடத்தில் கொண்டுபோய் விடுவதால், உணவும் ஒதுங்க இடமும் இருக்கும் தெருவில் பூனை குறையாது, வேறொன்று வந்து சேரும். கருத்தடை செய்த பூனை அங்கேயே இருந்தால் எண்ணிக்கை பெருகாது.

குட்டியிருக்கும் தாய்ப்பூனை சட்டென்று பிராண்டும். யாருக்கேனும் பல்லோ நகமோ பட்டால் உடனே சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, தாமதிக்காமல் ஸ்டான்லி மருத்துவமனைக்குச் சென்று வெறிநாய்க்கடித் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள். கர்ப்பிணிகளும் அதைப் போட்டுக்கொள்ளலாம். கருத்தடையின்போது காது நுனியைச் சிறிது நறுக்கி அடையாளமிடச் சொல்லுங்கள். இல்லையென்றால் பின்னாளில் யாராவது அதே பூனையைப் பிடித்து வீணாக மயக்க மருந்து கொடுக்க நேரும்.