“எல்லாருக்கும் அப்படித்தானே?”

மகளுக்கு ஒன்பது வயது. கவனமே இல்லை என்று பள்ளியில் புகார், மாத்திரை வரை பேச்சு போய்விட்டது. பார்வைப் பலகையில் கடைசி வரி வரை படிப்பாள், அதனால் கண்ணை யாரும் சந்தேகிக்கவில்லை. கிட்டே பார்க்கும்போது இரண்டு கண்ணும் சேர்ந்து உள்பக்கம் திரும்புகிறதா என்று பார்க்கும் குவிதல் சோதனையில் பென்சிலை மெல்ல மூக்குக்குக் கொண்டு வந்தார்கள். 6 சென்டிமீட்டர் வரையாவது ஒன்றாகத் தெரிய வேண்டுமாம். 15-லேயே அவளுடைய வலது கண் வெளிப்பக்கம் நழுவியதை நானே பார்த்தேன். “இப்ப ரெண்டு பென்சில்” என்றாள், சாதாரணமாக. எழுத்தும் இப்படித் தெரியுமா என்றேன். “எல்லாருக்கும் அப்படித்தானே?” என்று என்னையே கேட்டாள்.

கண்களைச் சேர்ந்து குவிய வைக்கும் 12 வாரப் பயிற்சி முடிந்தது. வீட்டுப்பாடம் என்றாலே வரும் அழுகை நின்றுவிட்டது. இரண்டு வருடம் திட்டியதுதான் உறுத்துகிறது.

— கண்ணாடி அம்மா

சந்தோஷம். ஆனால் கண் சரியானால் கவனமும் சரியாகும் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். என் மகனுக்குப் பயிற்சியில் இரட்டைப் பார்வை போனது, தலைவலியும் போனது. கடைசிப் பரிசோதனை அன்று எல்லாம் நார்மல் என்று கேட்டுவிட்டு வெளியே வந்தால், ஒரு காலில் மட்டும் ஷூ போட்டபடி லிஃப்ட் பட்டனை அமுக்கிக்கொண்டிருக்கிறான். இன்னொரு ஷூ எங்கே என்று அவனுக்கே தெரியவில்லை. அவனுக்கு ஏடிஹெச்டியும் (கவனக்குறைவும் அதீதத் துறுதுறுப்பும்) இருந்தது, அதற்குத் தனி சிகிச்சை.

— வால்பையன் அப்பா

தங்கை மகளுக்கும் இதே பிரச்சினைதான், இப்போது பரவாயில்லை. சொல்ல வந்தது வேறு. வீட்டில் பென்சிலை மூக்கருகே கொண்டுவந்து பார்க்கும் பயிற்சி மட்டும் போதும் என்று விட்டுவிடாதீர்கள். 2008-இல் வந்த அமெரிக்க ஆய்வில் 221 பிள்ளைகள். கிளினிக்கில் நேரடிப் பயிற்சி பெற்றவர்களில் 73 சதவீதம் பேர் தேறினார்கள், பென்சில் மட்டும் செய்தவர்களில் 43, சும்மா ஒப்புக்குப் பயிற்சி பெற்றவர்களில் 35. அதே குழுவினர் பின்னால் 310 பிள்ளைகளிடம் கவனத்தை அளந்தபோது, நிஜப் பயிற்சிக்கும் ஒப்புக்குச் செய்ததற்கும் வித்தியாசமில்லை. இரண்டு பக்கமும் கொஞ்சம் முன்னேற்றம்! யாரோ ஒருவர் வாராவாரம் பிள்ளையோடு பொறுமையாக உட்கார்ந்ததுகூடக் காரணமாக இருக்கலாம், இது என் ஊகம். அதனால் கண்ணையும் பாருங்கள், கவனத்தையும் தனியாகப் பாருங்கள். படிக்கும்போது ஒரு கண்ணை மூடுகிறாளா, வரியை விடுகிறாளா என்று குறித்து வையுங்கள். அப்புறம், முன்பணம் முழுவதும் கட்டச் சொன்னால் யோசியுங்கள்.

— சித்தி

சித்தி, கவனம் கூடியது என்று நான் எங்கே சொன்னேன்? இன்றைக்கும் ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அழாமல் பார்க்கிறாள்.

— கண்ணாடி அம்மா