படத்தை நடுவுல நிறுத்தலாமா, கூடாதா?

உப்புக்காற்று:
நேத்து ஒருத்தர் இங்க தீர்ப்பு எழுதிட்டுப் போயிருக்கார்: "ஆவணப்படத்தை நடுவில் நிறுத்திப் பேச வைப்பவர்களுக்கு சினிமாவும் தெரியாது, மக்களையும் தெரியாது." எண்ணூர் குப்பத்துல வெள்ளைத்துணி கட்டிப் படம் போட்டவங்க இப்படி எழுத மாட்டாங்க. எண்ணூர் ஆத்துல ஆலைச் சாம்பல் கலக்கிறதைப் பத்தின 75 நிமிஷப் படம்னு வெச்சுக்கோங்க. ஏழரைக்கு ஆரம்பிச்சா எட்டே முக்கால். அதுக்கு மேல சிறப்பு விருந்தினர் 20 நிமிஷம். காசிமேட்டு மீன் ஏலத்துக்குப் போற பொம்பளைங்க விடியறதுக்கு முன்னாடியே கிளம்பணும், அவங்க உட்காருவாங்களா? விளக்கு போடும்போது மிச்சம் இருக்கிறது அமைப்பாளரும் முன்வரிசைப் பசங்களும்தான். அவங்களோட என்ன கலந்துரையாடல்? அதனாலதான் 25-வது நிமிஷத்துல நிறுத்தணும்னு சொல்றேன். கொசஸ்தலை ஆத்துல அனல்மின் நிலையச் சாம்பல் கலக்கிற காட்சி முடிஞ்சதும் ஒரே கேள்வி: "இது எந்த இடம்?" அவங்களே இடம் சொல்லி, எப்போலேர்ந்துன்னு சொல்லி, மீன் எங்க போச்சுன்னும் சொல்லிடுவாங்க.

திரைக்கட்டு:
அதை எழுதியவன் நான்தான். இப்போதும் சொல்கிறேன், நிறுத்தக் கூடாது. முதல் பாதியில் ஆலைத் தரப்பு பேசும், அதற்கான பதில் கடைசிப் பகுதியில் வரும். 25-வது நிமிடத்தில் நிறுத்தினால் பாதித் தகவலை வைத்துக்கொண்டு சண்டை போடுவார்கள். இன்னொன்று, விளக்கைப் போட்டதும் பிள்ளைகள் ஓடும், நாற்காலி நகரும், தெருமுனைக்குப் போனவர் திரும்ப மாட்டார். கூட்டத்தை மறுபடி உட்கார வைக்கவே பத்து நிமிடம் போய்விடும்.

உப்புக்காற்று:
விளக்கை யார் போடச் சொன்னா தோழர்? விளக்கு போடாமத்தான் நிறுத்தணும். புரொஜெக்டரை அணைக்கவே கூடாது, லாம்ப் ஆறி மறுபடி எரிய நேரமாகும். ரிமோட்ல திரையை மட்டும் கறுப்பாக்குற பொத்தான் இருக்கு, அதை அமுக்கினா போதும். அழுதுட்டிருக்கிற ஒரு அம்மா முகத்துல நிறுத்தி வெச்சுட்டுப் பேசுறது அசிங்கம், அந்தத் தப்பும் நடக்குது. மைக் முதல்ல பின்வரிசைப் பெண்கள்கிட்ட போகணும். வட்டத் தலைவர் கையில முதல்ல குடுத்தீங்கன்னா மத்தவங்க வாயைத் திறக்க மாட்டாங்க. "படம் எப்படி இருந்துச்சு"ன்னு கேட்கவே கேட்காதீங்க, "நல்லா இருந்துச்சு"ன்னு ஒரே வார்த்தைல முடிஞ்சிடும். "இதுல காட்டாம விட்டது என்ன"ன்னு கேளுங்க. கடிகாரம் பார்த்து அஞ்சு நிமிஷம், உடனே படம்.
சினிமா தெரியாதுன்னு வேற சொன்னீங்க. அர்ஜென்டினாவுல 1968-ல சொலானாஸும் கெட்டினோவும் எடுத்த 'உலைகளின் நேரம்', நாலு மணி நேரத்துக்கு மேல ஓடுற படம், நடுநடுவுல நிறுத்தி விவாதிக்கறதுக்காகவே கட்டின படம். அவங்களுக்கும் சினிமா தெரியாதா?

திரைக்கட்டு:
அதைத்தான் நானும் சொல்கிறேன். எடுத்தவர்களே இடைவெளி வைத்தார்கள். நீங்கள் நிறுத்துவது அடுத்தவர் படத்தை. தலித் பாடகர்களைப் பற்றி ஆனந்த் பட்வர்தன் எடுத்த ஆவணப்படம் 'ஜெய் பீம் காம்ரேட்' மூன்று மணி நேரத்துக்கு மேல். அதன் பாட்டுகளுக்கு நடுவே புகுந்து மைக் நீட்டுவீர்களா? அந்த உரிமையை யார் தந்தது?

உப்புக்காற்று:
பார்க்கிறவங்க தந்தது. அந்தப் படத்தை ரெண்டு ராத்திரியாப் பிரிச்சுப் போடணும், அதுவும் நிறுத்தறதுதான்.

வலைக்காரத் தெரு:
இன்னாபா, ரெண்டு பேரும் நிறுத்தறதைப் பத்தியே பேசினுகீறீங்க. பேட்டி குடுக்கிறவர் பேசறது மொதல்ல காதுல வுழுதா? புரொஜெக்டர் உள்ள இருக்கிற ஸ்பீக்கரை நம்பி தெருவுல படம் போடக் கூடாது. ரெண்டு ஸ்பீக்கர் பெட்டி, திரைக்கு ரெண்டு பக்கமும், உட்கார்ந்தவன் தலைக்கு மேல. பேஸை, அதான் அந்த டம் டம் சத்தத்தை, குறைக்கணும், சந்துல சுவத்துக்குச் சுவரு மோதி பேச்சு கொழகொழன்னு ஆயிடும். லேப்டாப் புரொஜெக்டர் பக்கத்துல இருக்கணும், சவுண்டு ஒயரை மட்டும் நீட்டு. நீள எச்டிஎம்ஐ ஒயர் போட்டா படம் வெட்டி வெட்டி வரும். பெட்டி 'ம்ம்ம்'னு இரையுதா, லேப்டாப் சார்ஜரைக் கழட்டிப் பாரு. 8 அடி துணின்னா சாதாரண புரொஜெக்டர் 12 அடி பின்னால நிக்கணும். ஜூன் மாசம் ஏழு மணிக்கு முன்னாடி வெளியில ஒண்ணும் தெரியாது, எதிர்ல தெருவிளக்கு இருந்தா ராத்திரியிலயும் தெரியாது.

உப்புக்காற்று:
சவுண்டு சரியா இருந்தாத்தான் நடுவுல நிறுத்தினாலும் பேச முடியும். நான் சொன்னதுக்குத்தான் வர்றீங்க.

வலைக்காரத் தெரு:
நான் எதுக்கும் வரலை. ஜெனரேட்டர் பத்தி இங்க நடந்த பேச்சுலயும் இப்படித்தான், நான் எழுதினதை எடுத்து உன் கணக்குல சேர்த்துக்கினே.

கழிமுகம்:
கனடாவின் ஃபோகோ தீவில் 1967-ல் ஆவணப்பட இயக்குநர் காலின் லோவின் குழு சுமார் 27 குறும்படங்கள் எடுத்து, தீவின் மீனவர்களுக்கே போட்டுக்காட்டிப் பேச வைத்தது. ஒரு படத்துக்கு ஒரு ஆள் அல்லது ஒரு பிரச்சினை. பத்து நிமிடப் படம் போடு, பேசு, அடுத்ததைப் போடு. நிறுத்துவதா கூடாதா என்ற கேள்வியே எழாதே?

திரைக்கட்டு:
சரியாகச் சொன்னீர்கள். ஒரு படத்தையும் நடுவில் நிறுத்தவில்லை.

உப்புக்காற்று:
பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை நிறுத்தியிருக்காங்க! இதைவிட என்ன சாட்சி வேணும்?

கழிமுகம்:
நான் யாருக்கும் சாட்சி சொல்ல வரவில்லை. இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ம் ஆண்டு விதி இருக்கிறது. அதற்குள் படமும் பேச்சும் முடிய வேண்டும். காவல் நிலையத்தில் மைக் அனுமதிக் கடிதம் கொடுக்கும்போது படத்தின் பெயரையும் எழுதிவிடுவது நல்லது.

உப்புக்காற்று:
பேரு எழுதணுமா? மலக்குழித் தொழிலாளர்களைப் பத்தி திவ்யபாரதி எடுத்த 'கக்கூஸ்' 2017-ல வந்தப்போ தமிழ்நாட்டுல பல ஊர்ல போலீஸ் திரையிடலைத் தடுத்துச்சு. பேரு எழுதிக் குடுத்தா தடுக்கிறவங்களுக்கு வேலை மிச்சம். "குடியிருப்போர் கூட்டம்"னு எழுதுங்க.

திரைக்கட்டு:
அனுமதிக் கடிதத்தில் மறைப்பவர்தான் மக்களிடம் நேர்மையாகப் பேசச் சொல்லிக் கேட்கிறவர். ஊர்க் கூட்டம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுத் திரை கட்டினால், பாதியில் வந்து நிறுத்துவார்கள். அப்போது உங்கள் ஐந்து நிமிடமும் இருக்காது.

உப்புக்காற்று:
பயந்தவங்க அரங்கம் வாடகைக்கு எடுத்து, கைதட்டு வாங்கிட்டுப் போகட்டும். புளியந்தோப்புலயும் கொருக்குப்பேட்டையிலயும் தெருவுலதான் கூட்டம் வரும். ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள் ஆம்பளைங்களும் வீட்ல இருப்பாங்க. அப்போ எண்ணூர்ல போட்டுப் பாருங்க.

வலைக்காரத் தெரு:
தடை விசைப்படகுக்குத்தான் நைனா. எண்ணூர்ல சின்ன ஃபைபர் படகு போயினுதான் இருக்கும். இதுகூட தெரியாம குப்பத்தைப் பத்தி பாடம் எடுக்கிறே.

உப்புக்காற்று:
விசைப்படகுல வேலைக்குப் போறவங்க அங்க யாருமே இல்லையா? விஷயத்தைத் திருப்பாதீங்க. 25-வது நிமிஷம் பத்தி இன்னும் யாரும் பதில் சொல்லலை.

திரைக்கட்டு:
மூன்று தடவை சொல்லியாகிவிட்டது. கூடாது.

உப்புக்காற்று:
ஏன்னு சொல்லலை. விளக்கு பத்தி சொன்னீங்க, அதுக்கு வழி சொல்லிட்டேன். பாதித் தகவல்னு சொன்னீங்க. சாம்பல் கொட்டுற இடத்துலயே குடியிருக்கிறவங்களுக்கு மீதித் தகவல் படத்துலேர்ந்துதான் வரணுமா?

வலைக்காரத் தெரு:
யாருமே ஃபைபர் படகுக்குப் பதில் சொல்லலை.