ஏப்ரலில் வந்த தீபாவளி வாழ்த்து: உங்கள் ஈ-கார்டு கதை என்ன?

மணப்பாறை முறுக்கு:

பிரவுசிங் சென்டர், மணிக்கு 20 ரூபாய், பலகைத் தடுப்பு, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏசி அறைக்குள் போவது, இதெல்லாம் உங்களுக்கே தெரியும். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

2002 தீபாவளி நவம்பர் 4. நான் பிளஸ் டூ. எனக்கும் என் நண்பனுக்கும் அப்போதுதான் ஈமெயில் முகவரி கிடைத்திருந்தது. அடுத்த தெருவில் இருக்கிறவனுக்கு ஏன் ஈ-கார்டு (இணையம் வழியாக அனுப்புகிற வாழ்த்து அட்டை) என்று கேட்காதீர்கள். எனக்குத் தெரிந்த ஒரே ஈமெயில் முகவரி அவனுடையதுதான். புஸ்வாணம் சுற்றிச் சுற்றி எரிகிற ஓர் அட்டையைத் தேர்ந்தெடுத்து, "காலையிலேயே வந்துடுடா, லட்சுமி வெடி உனக்கும் சேர்த்து எடுத்து வெச்சிருக்கேன்" என்று ஆங்கில எழுத்தில் தமிழாகத் தட்டினேன். எந்தத் தேதியில் போக வேண்டும் என்று கேட்டது. 04/11/2002 என்று போட்டேன். அந்தத் தேதி முடிந்துவிட்டது என்று சிவப்பில் வந்தது. இன்னும் இரண்டு நாள் இருக்கிறதே, இதற்கென்ன பைத்தியமா என்று நினைத்துக்கொண்டு வருடத்தை 2003 ஆக்கிப் பார்த்தேன். ஒப்புக்கொண்டது. என் ஒரு மணி நேரமும் முடிந்திருந்தது. எழுந்து வந்துவிட்டேன்.

தீபாவளிக்கு அவன் வரவில்லை. கார்டு பார்க்கவில்லை போல என்று விட்டுவிட்டேன். ஜனவரியில் கிரிக்கெட் மட்டை விவகாரத்தில் எங்களுக்குள் பேச்சே நின்றுபோனது. (மட்டையின் கைப்பிடி நான் வாங்கும்போதே விரிசல். இதை இன்றும் சொல்வேன்.) பொதுத்தேர்வு ஹாலில்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டோம்.

ஏப்ரல் 12, மத்தியான வெயில். வாசலில் சைக்கிள் மணி. அவன்தான். கேரியரில் ஒரு பிளாஸ்டிக் பை, அதில் போன தீபாவளிக்கு மிஞ்சிய நாலைந்து லட்சுமி வெடி, ஒரு தீப்பெட்டி. "தீபாவளிக்கு வரச் சொன்னியேடா, வந்துட்டேன்" என்றான், சிரிக்காமல். முதல் நாள்தான் அந்தக் கார்டு அவனுக்குப் போயிருக்கிறது. அமெரிக்கக்காரன் மாதத்தை முதலில் எழுதுவான் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

தெரு நடுவில் வைத்துக் கொளுத்தினோம். இரண்டு நமுத்துப்போயிருந்தது, மூன்றாவது வெடித்தது. எதிர்வீட்டுப் பாட்டி முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு வெளியே ஓடி வந்து, "யாருப்பா போயிட்டா?" என்று கேட்டார்.

பழைய ஆபரேட்டர்:

2000 முதல் 2007 வரை பிரவுசிங் சென்டர் வைத்திருந்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன். கதை நன்றாக இருக்கிறது, ஆனால் ஒரு இடம் இடிக்கிறது. அந்தக் காலத்து ஈ-கார்டு தளங்களில் தேதியைக் கையால் தட்ட விடமாட்டார்கள். மாதம் பெயரோடு டிராப் டவுனில் இருக்கும். நவம்பரைத் தேர்ந்தெடுத்தால் நவம்பர்தான். நீங்கள் ஏதோ அவசரத்தில் ஏப்ரலைத் தொட்டிருப்பீர்கள்.

இன்னொன்று. "அட்டை போனது" என்று எல்லோரும் எழுதுகிறோம். அட்டை எங்கும் போகாது. போவது ஒரு ஈமெயில், அதில் ஒரு நீண்ட சுட்டி. அட்டை அவர்களுடைய சர்வரிலேயேதான் இருக்கும். 1994-இல் எம்.ஐ.டி. மீடியா லேபில் ஜூடித் டோனாத் என்ற பெண்மணி முதல் மின்வாழ்த்துத் தளத்தைத் தொடங்கியபோதே இதுதான் முறை: உங்களுக்கு ஓர் அட்டை வந்திருக்கிறது, வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று சேதி மட்டும் போகும். இந்த வியாபாரத்துக்கு ஒரு காலத்தில் இருந்த மவுசு கொஞ்சநஞ்சமல்ல. புளூ மவுண்டன் என்ற ஈ-கார்டு தளத்தை 1999-இல் 78 கோடி டாலர் மதிப்புக்கு வாங்கினார்கள். இரண்டே வருடத்தில் 3.5 கோடி டாலருக்குக் கைமாறியது. நம் ஊரில் வீட்டு மனைகூட இப்படி இறங்கிப் பார்த்ததில்லை.

என் சொந்தக் கதை: ஒரு பையன் கார்டு திறந்ததும் பாட்டு அலறியது, ஹெட்போன் செருகவில்லை, கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது, அவன் மானிட்டரை அணைத்தான். பாட்டு மட்டும் நிற்கவில்லை. அவ்வளவுதான்.

தம்மாம்காரர் மகள்:

அப்பா அப்போது சவூதியில், தம்மாமில். 2003 பொங்கலுக்கு மாமாவின் ஈமெயிலுக்கு ஒரு கார்டு அனுப்பியிருந்தார். எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. மாமா வேலை பார்த்த இடத்தில் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வருவதாக ஏற்பாடு.

மாமா அதைக் கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு வந்து எங்களிடம் விவரித்தார்: சூரியன் எழும், கரும்பு அசையும், பானையில் பால் ஏறும், ஏறி ஏறி வழியும், வழிந்த பால் வாழ்த்து எழுத்தாக மாறும். எங்களுக்கு வாயெல்லாம் பல். அப்புறம் தாளை விரித்தார். மூன்று கல், மேலே ஒரு பானை, மஞ்சள் கொத்து. அவ்வளவுதான். அட்டை ஓடத் தொடங்கிய முதல் நொடியிலேயே பிரிண்ட் கொடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது. பால் இல்லை, எழுத்து இல்லை, சூரியன்கூட இன்னும் எழவில்லை.

அம்மா அதையும் குங்குமம் வைத்து சாமி படத்துக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தாள்.

பொங்கல் அன்று ஒன்பது மணிக்கு எதிர்வீட்டு போனுக்கு அப்பா கூப்பிட்டார். அன்றைக்கு யார் கூப்பிட்டாலும் முதலில் கேட்பது "பால் பொங்கிச்சா?" என்றுதானே. அப்பாவும் கேட்டார். அம்மா, "ம், பொங்கிச்சு" என்றாள். அப்பா விடவில்லை. "நான் அனுப்பிச்சதுல?" நான் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நொடிகூட யோசிக்காமல், "அதுலயும்தான். வழிஞ்சு அடுப்பே அணைஞ்சு போச்சு" என்றாள்.

அந்தப் பக்கம் அப்பா சிரித்த சத்தம் ரிசீவரைத் தாண்டி எனக்கே கேட்டது. அவர் ஊருக்கு வந்து அந்தத் தாளைப் பார்த்தாரா, பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்கவும் மனசு வரவில்லை.

பழைய ஆபரேட்டர்:

சகோதரி, மன்னிக்க வேண்டும், உங்கள் மாமா அவசரப்பட்டுவிட்டார். ஓடுகிற அட்டையை நேரடியாக பிரிண்ட் கொடுக்கக் கூடாது. கடைசிக் காட்சி வரும்வரை காத்திருந்து, கீபோர்டில் பிரிண்ட் ஸ்கிரீன் என்ற பொத்தானை அழுத்தி, பெயிண்ட்டைத் திறந்து அதில் ஒட்டி, வேண்டாத ஓரங்களை வெட்டி, பக்கத்தைப் படுக்கைவாட்டில் வைத்து பிரிண்ட் எடுக்க வேண்டும். எங்கள் கடையில் பொங்கல் சமயத்தில் இதற்கென்றே ஒரு பையனை உட்கார வைத்திருந்தேன்.

இப்போது அந்த அட்டையைத் தேடுகிறவர்களுக்கும் ஒரு யோசனை. அந்தக் கார்டுகளில் பெரும்பாலானவை ஃபிளாஷ் என்ற அனிமேஷன் மென்பொருளில் செய்தவை. 2020 டிசம்பர் 31-ஓடு ஃபிளாஷுக்கு ஆதரவு முடிந்தது. அதனால்தான் பழைய பக்கம் கிடைத்தாலும் நடுவில் வெறும் சாம்பல் கட்டம் தெரிகிறது. கோப்பு உங்களிடம் இருந்தால் கவலை இல்லை. ரஃபிள் என்று இலவச மென்பொருள் இருக்கிறது, பழைய ஃபிளாஷ் கோப்புகள் பலவற்றை ஓட்டிக் காட்டும். பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கிற இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்திலும் அதை வைத்துப் பழைய அனிமேஷன்களை ஓட விட்டிருக்கிறார்கள். பழைய ஹார்டு டிஸ்க் இருந்தால் முதலில் அதை வேறொரு டிரைவுக்குப் பிரதி எடுங்கள், அப்புறம் பெயர் எஸ்.டபிள்யூ.எஃப். (.swf) என்று முடிகிற ஃபிளாஷ் கோப்புகளைத் தேடுங்கள். ஹார்டு டிஸ்க்கை அரிசியில் போட்டு வைக்காதீர்கள், எங்கள் தெருவில் ஒருவர் வைத்திருந்தார்.

தம்மாம்காரர் மகள்:

அண்ணா, நான் அதைத் தேடவில்லை. தாள் பத்திரமாக இருக்கிறது.

எழுத்துரு:

ஆங்கில எழுத்தில் தமிழ் அடித்தேன் என்று முதல் பதிவில் போகிறபோக்கில் சொல்லிவிட்டார். ஏன் அப்படி அடித்தோம் என்று இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. தமிழில் அடித்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், அடித்திருக்கிறேன்.

எல்லாக் கம்ப்யூட்டரிலும் தமிழ் ஒரே மாதிரி தெரிய வைக்கிற யூனிகோடு நம் வீடுகளுக்கு வந்து சேராத காலம். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டுக்குப் பிறகு தமிழ் எழுத்துக் குறியீடுகளை டாம், டாப் என்று தரப்படுத்தினார்கள். இணையத்தில் எழுதியவர்கள் டிஸ்கி என்று வேறொரு குறியீட்டைச் சொன்னார்கள். எதுவாக இருந்தாலும், அனுப்புகிறவரிடமும் பெறுகிறவரிடமும் ஒரே வகை எழுத்துரு இருக்க வேண்டும். எனக்குப் பதினான்கு வயது. இதெல்லாம் யாருக்குத் தெரியும்? மும்பையில் இருந்த பெரியப்பாவுக்குப் பொங்கல் கார்டில் நாலு வரி அழகாகத் தமிழில் அடித்து அனுப்பினேன்.

அவருக்குப் போய்ச் சேர்ந்தது முழுக்க தலையில் தொப்பியும் கொம்பும் முளைத்த ஐரோப்பிய எழுத்துகள். பெரியப்பா பெருமைப்பட்டுப்போனார். தம்பி மகன் பிரெஞ்சு படிக்கிறான் போலிருக்கிறது என்று, ஆபீஸில் பிரெஞ்சு தெரிந்த ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார். அவர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இது பழைய பிரெஞ்சாக இருக்கலாம்" என்றாராம்.

அந்த மனிதர் ஏன் தெரியாது என்று சொல்லவில்லை என்பதுதான் என் கேள்வி.

காக்கி டவுசர்:

எஸ்.எம்.எஸ். சேருமா இதில்? அப்போதெல்லாம் பண்டிகை நாளில் இலவச மெசேஜ் செல்லாது என்று தெரியாமல் அக்காவின் போனில் இருந்து, போன் புத்தகத்தில் இருந்த எல்லோருக்கும் "பொங்கலோ பொங்கல்டா மச்சி" என்று அனுப்பினேன். பேலன்ஸ் காலி. அது கூடப் பரவாயில்லை. அக்காவுக்கு நிச்சயமாகியிருந்தது. அந்தப் புத்தகத்தில் அவளுடைய வருங்கால மாமனாரும் இருந்தார்.

பதில் ஐந்து நிமிடத்தில் வந்தது: "உங்களுக்கும்."

கல்யாணம் முடிந்து இத்தனை வருடமாகியும், வீட்டுக்குப் போனால் அவர் என்னை "வாங்க மச்சி" என்றுதான் கூப்பிடுகிறார். எழுபத்தைந்து வயது.

ரீஃபில் பேனா:

எட்டாவதில் கூடப் படித்தவள். அவள் அப்பாவுக்கு டெல்லிக்கு மாற்றல். புத்தாண்டுக்குக் கார்டு அனுப்பினேன். "அவர் திறந்ததும் எனக்குத் தெரிவிக்கவும்" என்ற கட்டத்தில் டிக் அடித்திருந்தேன்.

இன்னும் தெரிவிக்கவில்லை.

பழைய ஆபரேட்டர்:

திறந்திருக்கவே மாட்டார் என்று சொல்ல முடியாது. பல தளங்களில் சில வாரங்களில் அட்டை காலாவதியாகிவிடும். தாமதமாகப் பார்த்திருந்தால் அட்டை இல்லை என்றுதான் வந்திருக்கும், உங்களுக்குச் சேதியும் வராது. ஸ்பேம் பெட்டியையும் பாருங்கள்.

ரீஃபில் பேனா:

இருபது வருடத்து ஸ்பேம் பெட்டியையா?

சாக்பீஸ்:

நான் கார்டு வாங்குகிற பக்கம் இருந்தவன். மேல்நிலைப் பள்ளியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் வாத்தியார், இப்போது ஓய்வு. பிள்ளைகளுக்கு ஈமெயில் என்றால் என்ன என்று பாடம் நடத்துவதற்காக என் முகவரியைக் கரும்பலகையில் எழுதிப்போட்டது என் தப்பு. அந்த செப்டம்பர் 5-இல் இருந்து ஒரு வாரத்துக்கு வாழ்த்து மழை. பதினேழு கார்டு. அதில் பதினொன்று ஒரே கார்டு, ஓர் ஆந்தை கண்ணாடி போட்டுக்கொண்டு தலையாட்டும்.

அதில் ஒன்று மட்டும் மறக்கவில்லை. அனுப்பியவர் இடத்தில் என் பெயர், என் முகவரி. பெறுபவர் இடத்திலும் என் பெயர், என் முகவரி. முதலில் பயந்துபோனேன், யாரோ என் பாஸ்வேர்டைப் பிடித்துவிட்டார்கள் என்று. அப்புறம்தான் புரிந்தது. அனுப்பியவன் யாரோ, அவனுக்கென்று ஈமெயில் கிடையாது. உங்கள் முகவரி என்ன என்று கேட்ட கட்டத்தில், தனக்குத் தெரிந்த ஒரே முகவரியை எழுதியிருக்கிறான். முதல் பதிவுக்காரரின் நிலைமைதான்.

உள்ளே இருந்தது இதுதான்: "சார், ஆசிரியர் தின வாழ்த்துகள். ரெகார்டு நோட்டு கண்டிப்பாக நாளைக்குக் கொண்டு வந்துவிடுகிறேன். இப்படிக்கு, உங்கள் மாணவன்."

மறுநாள் காலை வகுப்புக்குப் போனேன். என் முகத்தை ஏறிட்டுப் பார்க்காமல் ஆறு பேர் மேஜைமேல் ரெகார்டு நோட்டு வைத்தார்கள். ஆறு பேரையும் கவனித்துப் பார்த்தேன். யார் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. "வாழ்த்துக்கு நன்றி" என்று பொதுவாகச் சொன்னேன். ஆறு பேரும் சிரித்தார்கள்.

மணப்பாறை முறுக்கு:

டிராப் டவுன் சந்தேகம் இரண்டு நாளாக என்னைத் தூங்க விடவில்லை. நண்பனுக்கே போன் போட்டேன். அவன் இப்போது ஓசூரில் இருக்கிறான். தேதி எண்ணாக இருந்ததா, மாதப் பெயர் இருந்ததா என்று கேட்டேன். "அது உனக்குத்தான்டா தெரியணும், எனக்கு எப்படித் தெரியும்?" என்றான். நியாயம்தான். அப்புறம், "மட்டை நீ வாங்கும்போது நல்லாத்தான் இருந்துச்சு" என்றும் சொன்னான். ஆக, அந்த வழக்கு மறுபடி தொடங்கியிருக்கிறது.

மாதப் பெயர் இல்லை. மூன்று சின்னக் கட்டம், எண்ணைத் தட்டினேன். கண்ணிலேயே நிற்கிறது.

பழைய ஆபரேட்டர்:

அமெரிக்கக்காரன் மாதத்தை முதலில் எழுதுவது, பாட்டி கேட்டது, லட்சுமி வெடி, எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். மூன்று கட்டத்தை மட்டும் ஒப்புக்கொள்ள முடியாது. என் கடையில் ஒரு நாளைக்கு எத்தனை பேருக்கு நானே பக்கத்தில் நின்று அனுப்பிக் கொடுத்திருக்கிறேன் தெரியுமா?